வாங்க மறுத்தார்

அந்தப் பையைச் சித்த இந்தப் பக்கம் நகத்தி வெச்சுக்கறனுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லலை. பஸ்ஸுன்னா நான் இப்படித்தான். கோயமுத்தூர் போயி செம்புக் கம்பி வாங்கோணும், அதுக்குண்டானது உள்ள இருக்குது. நீங்க எங்க, பல்லடமுங்களா? பல்லடத்துல யாரு வீடு? இல்லை, சும்மா கேட்டேன். கோர்ட்டு, வக்கீல் ஆபீசு, அந்த மாதிரி எதுலயும் வேலை இல்லையே? தறிக் கம்பெனிக்கா? அப்படின்னாச் சரிதானுங்க.

ஏன் இத்தனை கேக்கறான்னு பாக்கறீங்க. பட்டவன் கேப்பானுங்க. பேசாம ஒரு பக்கமா இருந்தவனை, ஒரு கவரைக் கையில வாங்கலைங்கற ஒரே குத்தத்துக்காக, இருபத்தெட்டு வருசம் இருந்த கடையில இருந்து எறக்கிவிட்டாங்க. அந்தப் போனைக் கவுத்து வெச்சுப்போட்டீங்கன்னாச் சொல்றேன். இப்பெல்லாம் எது பேசினாலும் பதிவு பண்ணிக்கறாங்க.

என்ற பேரு மயில்சாமிங்க. தாராபுரத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. தோட்டத்துல, போர்க் கிணத்துல கிடக்கற மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னா நம்மகிட்டத்தான் தூக்கிக்கிட்டு வருவாங்க. எரிஞ்ச கம்பியை உருவிப்போட்டு, புதுக் கம்பி சுத்தி, வார்னிஷ்ல முக்கி, சுட வெச்சுக் குடுக்கோணும். என்ற சம்சாரம் வசந்தாமணிதான் கம்பிக்கு நடுவுல வெக்கற காயிதமெல்லாம் அளவு பாத்து வெட்டுவா. ரெண்டு பேரும் சேந்து நடத்தின கடை. அரவக்குறிச்சிப் பக்கத்துல இருந்தெல்லாம் வண்டி வெச்சுக்கிட்டு வருவாங்க.

கடை சென்னியப்பன்னு ஒரு பெரியவரோடது. நல்ல மனுசன்னு ஊரெல்லாம் சொல்லும். நானும் இல்லைன்னு சொல்லலை. வாடகைக்குன்னு ஒரு துண்டுச் சீட்டு கிடையாதுங்க. முதல் நாள் வந்து சாவியைக் குடுத்தாரு, மாசம் பொறந்தா நான் கொண்டுபோயிக் கையில குடுப்பேன், அவ்வளவுதான். கடை ஆரம்பிச்ச ரெண்டாவது வருசம் நானும் வசந்தாமணியும் மோட்டாரைக் கையில தூக்கறதைப் பாத்துப்போட்டு, மறுவாரமே ஆளைக் கூட்டிட்டு வந்து சுவத்துக்குச் சுவரு ஒரு இரும்பு உத்தரம் போட்டுக் குடுத்தாரு. சங்கிலியை மாட்டி, எத்தனை பெரிய மோட்டாரா இருந்தாலும் ஒத்தை ஆளாத் தூக்கலாம். அதுக்குன்னு வாடகை ஏத்தவும் இல்லை. வசந்தாமணிக்குச் சந்தோசம் தாங்கலை. எனக்கு மட்டும் மனசுக்குள்ள ஒரு இது இருந்துக்கிட்டே இருந்துச்சுங்க. இவரு எதுக்கு நமக்குச் செலவு பண்ணி உத்தரம் போடறாரு? அதுல என்ன இருக்குது? இத்தனை வருசமா யோசிச்சேன். இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புடிபடலை.

முந்தா வருசம் தையில அவரு தவறிட்டாரு. எழவுக்குப் போனேன். மாலையைப் போட்டுப்போட்டு உடனே வந்துட்டேன். அங்க ரொம்ப நேரம் நின்னா, மகள் வந்து கடைப் பேச்சை எடுத்தாலும் எடுப்பாங்க. ஒரே மகள், தமயந்தின்னு பேரு, ஓசூர்ல பள்ளிக்கூடத்து டீச்சர். சின்னதுல கடையில வந்து அறுந்த கம்பித் துண்டெல்லாம் பொறுக்கிட்டுப் போயி வளையல் பண்ணும். இப்பத் தலை நரைச்சுப்போச்சு.

ஆனி மாசம் ஒரு புதன்கிழமைங்க. தபால்காரர் ராசப்பன் வந்து ஒரு ரிஜிஸ்டர் தபாலை நீட்டினாரு. அனுப்புனர் தமயந்தி, ஓசூர். கடைப் பேருக்கு என்னைக்கும் ரிஜிஸ்டர் தபால் வந்ததில்லை. வசந்தாமணி கையைத் தொடைச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட வந்துட்டா. நான் அவ கையைப் புடிச்சு நிறுத்தினேன். நாளைக்குக் கொண்டா பாக்கலாம்னு ராசப்பன்கிட்டச் சொல்லிப்போட்டு, நேரா ரிஜிஸ்டர் ஆபீசுக்குச் சைக்கிளை மிதிச்சேன்.

அங்க பொன்னுரங்கம்னு ஒரு அண்ணன் இருக்காருங்க. பத்திரம் எழுதறவரு. ஆபீசுக்கு எதுத்தாப்பல ஒரு மேசையைப் போட்டு முப்பது வருசமா உக்காந்திருக்கறாரு. இந்த உலகத்துல நான் நம்பற ஒரே மனுசன் அவருதான். விசயத்தைச் சொன்னதும் அவரு கேட்ட முதல் கேள்வியே, நீ வாங்கிட்டயாங்கறதுதான். இல்லீங்கண்ணான்னேன். அப்படியே ஒரு மூச்சு விட்டாரு. எனக்காக அவரு எவ்வளவு பயந்திருந்தாருன்னு அதுலயே தெரிஞ்சுது.

"வாங்காத மயிலு," அப்படின்னாரு. "நீ வாங்கினாத்தான் உனக்கு வந்ததா அர்த்தம். வாங்காத வரைக்கும் எந்தச் சட்டமும் உன்னைத் தொட முடியாது. அந்தப் புள்ள போன் பண்ணினாலும் எடுக்காத. எதுன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லு."

வந்து சொல்லுன்னு சொன்னாரு பாருங்க. யாரு சொல்லுவாங்க இந்தக் காலத்துல?

மறுநாள் ராசப்பன் வந்தப்ப, வேண்டாம்னுட்டேன். அந்த ஆளு போகலை. "அண்ணா, வாங்கிப் படிச்சுப்போட்டுக் கிழிச்சுக்கூடப் போடுங்க. வாங்காம மட்டும் விடாதீங்க. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கறேன்"னாரு. ஒரு தபால்காரருக்கு நாம தபாலை வாங்கறதுல எதுக்குங்க இத்தனை அக்கறை? அந்தப் புள்ளை எதோ குடுத்திருக்குதுன்னு எனக்குத் தோணிப்போச்சு. எழுதுங்கன்னேன். கவர் மேலயே 'வாங்க மறுத்தார்'னு எழுதித் தேதி போட்டாரு. எங்கிட்டக் காட்டச் சொல்லிப் படிச்சுப் பாத்தேன். படிச்சதும் ஒரு தெம்பு வந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது.

அன்னைக்குப் பூராவும் வசந்தாமணி காயிதம் வெட்டற கத்திரிச் சத்தம் மட்டும்தான் கேட்டுது.

நீங்க கேக்கலாம், ஒரு கவருக்கு இத்தனை பயமான்னு. எங்கப்பன் படிக்காத மனுசனுங்க. நான் ஆறாவது படிக்கறப்ப, பங்காளி ஒருத்தரு பத்திரத்தைக் கொண்டாந்து, பொதுப் பாதைக்கு எல்லாரும் சம்மதம் குடுக்கோணும், கைநாட்டு வெய்யிடான்னாரு. அப்பன் வெச்சாரு. பாதைக்கில்லை, எங்க கிணத்துப் பங்கையே விட்டுக் குடுத்ததா எழுதியிருந்துச்சு. அதுக்கப்பறம் குடிக்கற தண்ணிக்கு எங்கம்மா ரெண்டு வயக்காடு தாண்டிப் போவா. அப்பன் அந்தப் பங்காளியை ஒரு வார்த்தை திட்டினதில்லைங்க. கட்டிலுல உக்காந்து தன்ற கட்டை விரலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. ஏமாத்தினவன் மேல கோவப்பட்டிருந்தா மனுசன் இன்னும் நாலு வருசம் இருந்திருப்பாரு. தான்தானே வெச்சோம், தான்தானே வெச்சோம்னு, அதுலயே கரைஞ்சு போனாரு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், ஒருத்தர் நீட்டற காயிதத்துல கை வெக்கறதில்லைன்னு.

ஆவணியில அந்தப் புள்ளை நேராவே கடைக்கு வந்துருச்சு. சனிக்கிழமை. நான் சங்கிலியில தொங்கற மோட்டாருக்கு அடியில உக்காந்திருந்தேன். காரைப் பாத்ததும் வசந்தாமணிகிட்ட, நான் இல்லைன்னு சொல்லுன்னேன். என்ற காலு ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குது. அந்தப் புள்ளை காலைப் பாத்துப்போட்டு, "பரவால்லீங்கக்கா, வேலை முடியட்டும்"னு அங்க கிடந்த ஸ்டூலுல உக்காந்துருச்சு. அரை மணி நேரம். நானும் அடியிலயே கிடந்தேன். முடுக்கின நட்டையே திருப்பித் திருப்பி முடுக்கிக்கிட்டு இருந்தேன். கடைசியில அந்தப் புள்ளை எந்திருச்சு, போனை எடுத்து அந்த இரும்பு உத்தரத்தை ஒரு போட்டோ புடிச்சுக்கிட்டு, ஒரு சீப்புப் பழத்தை வெச்சுப்போட்டுப் போயிருச்சு.

போட்டோ எதுக்குங்க? பொன்னுரங்கண்ணன்கிட்டக் கேட்டேன். கட்டடத்தைச் சேதம் பண்ணிட்டன்னு கேஸ் போடறதுக்கு ஆதாரம் சேக்கறாங்கன்னாரு. அப்படியே புரிஞ்சுபோச்சு எனக்கு. அந்தப் பழத்தை நான் தொடலை. வசந்தாமணி ஒவ்வொண்ணாத் தின்னு தீத்தா, நான் பாக்கப் பாக்க.

புரட்டாசியில ரெண்டாவது தபால். அதே ஓசூர். இந்தத் தடவை ராசப்பன் ஒண்ணும் சொல்லலை. நான் சொல்றதுக்கு முன்னாலயே பேனாவை எடுத்து எழுதிட்டாரு.

ஐப்பசியில கடை வித்துப்போச்சு. எனக்கு அதைச் சொன்னதே பொன்னுரங்கண்ணன்தான். கிரயம் ஆகறதுக்கு நாலு நாள் முந்தியே அவருக்குத் தெரிஞ்சிருந்துதுங்க. அந்த ஆபீசுல அவருக்குத் தெரியாம எதுவும் நடக்காது. வாங்கினவரு திருப்பூர்ல ரெண்டு மூணு மருந்துக் கடை வெச்சிருக்கறவரு. பெரிய எடம். யாரு வாங்கினா நமக்கென்ன, நீ பாட்டுக்கு உக்காந்திரு, இருபத்தெட்டு வருசம் இருந்தவனை எவனும் அசைக்க முடியாதுன்னாரு. அந்த மாசந்தான் அவரு புது வண்டி எடுத்திருந்தாரு. அதுலயே என்னையும் பின்னால உக்கார வெச்சு டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி, காசும் அவரே குடுத்தாரு. அவ்வளவு பெரிய மனசு.

மூணாவது தபால் மார்கழியில வந்துச்சு. அது ஓசூர்ல இருந்து வரலை. கோர்ட்டு முத்திரை. வசந்தாமணி அதைப் பாத்துப்போட்டு, "ஏனுங், இது அந்தப் புள்ளை அனுப்பினதில்லைங்க. கோர்ட்டுல இருந்து வந்திருக்குதுங்க. இதையாச்சும் வாங்குங்க மாமா"ன்னா. நான் அவளையே பாத்தேன். ஓசூர்க்காரி வந்து அரை மணி நேரம் உக்காந்திருந்தாளே, அப்ப ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே. மோட்டாருக்கு அடியில கிடந்தா என்ன கேக்கும்? அதையும் திருப்பி அனுப்பிச்சேன்.

அப்பறம் ஒருநாள் ஆளு வந்து கடை ஷட்டருல ஒரு நோட்டீசை ஒட்டிட்டுப் போயிட்டாங்க. பொன்னுரங்கண்ணன் வந்து பாத்தாரு. நீ இதைப் பாக்கவே இல்லை மயிலு, கிழிச்சுப்போடுன்னாரு. பசை காயறதுக்குள்ள கிழிச்சுப்போட்டேன்.

மாசியில கோர்ட்டு அமீனா வந்து நின்னாரு. கையில உத்தரவு. எதிர்க்கட்சி வரலை, அதனால ஒருதலையாத் தீர்ப்பாயிருச்சு, காலி பண்ணுங்கன்னாரு. கடைக்குள்ள ஊரான் வீட்டு மோட்டார் பதினொண்ணு கிடக்குது. வெயில் காலம். ஒவ்வொரு மோட்டாருக்கும் பின்னால ஒரு தோட்டம் காயுது. பொன்னுரங்கண்ணனுக்குப் போன் பண்ணினேன், அவரு எடுக்கலை. பாவம், அவசர சோலி எதோ.

வசந்தாமணிதான் போயி ஒரு வக்கீலம்மாவைப் பாத்துக் கூட்டியாந்தா. சின்ன வயசுதான். அவங்க அமீனாகிட்டப் பேசி நாலு நாள் அவகாசம் வாங்கினாங்க. உங்களை விட்டுப்போட்டு நடந்த கேசை மறுபடியும் எடுக்கச் சொல்லி மனுப் போடலாம், இதுல கையெழுத்துப் போடுங்கன்னு வக்காலத்தை நீட்டினாங்க. நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோயி ரெண்டு நாள் வெச்சுப் படிச்சேன். அவகாசமே நாலு நாளு, அதுல ரெண்டு நாள் இதுலயே போயிருச்சு. மூணாவது நாள் வசந்தாமணி பேனாவைத் தொறந்து என்ற கையில குடுத்து, எதுத்தாப்பல உக்காந்துக்கிட்டா. போட்டேன்.

மனுப் போட்டு, தற்காலிகமா நிறுத்தி வெச்சாங்க. விசாரணைக்கு நாள் குறிச்சாங்க. அன்னைக்கு, கேஸ் போட்ட மருந்துக் கடைக்காரர் தரப்புக்குச் சாட்சியா யாரு வந்திருந்தான்னு நினைக்கறீங்க? தமயந்தி. கையில ரெண்டு கவரு. நான் திருப்பி அனுப்பினதேதான், ராசப்பன் எழுத்தோட. பிரிக்காம அப்படியே வெச்சிருந்துருக்குது அந்தப் புள்ளை. எதுக்குப் பிரிக்காம வெக்கோணும்? அதைக் கேளுங்க.

ஜட்ஜம்மா என்னையத்தான் முதல்ல கேட்டாங்க.

"படிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க."

"தபால்காரர் கொண்டுவந்து குடுத்தாரா?"

"குடுத்தாருங்க."

"ஏன் வாங்கலை?"

"வாங்கினாத்தானுங்களே வந்ததா அர்த்தம்."

பின்னால யாரோ சிரிச்சாங்க. ஜட்ஜம்மா சிரிக்கலை. பேனாவை வெச்சுப்போட்டு, "யாரு சொன்னா உங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. நான் பேரைச் சொல்லலீங்க. நல்லது பண்ணின மனுசனை எதுக்குக் கோர்ட்டுல இழுத்து விடோணும்? "சரியான விலாசத்துக்கு வந்த தபாலை நீங்களே வேண்டாம்னு சொன்னா, அது உங்களுக்குக் கிடைச்சதாத்தான் சட்டம் எடுத்துக்கும்"னு பொறுமையாச் சொன்னாங்க. அப்பறம் அந்த ரெண்டு கவரையும் பிரிக்கச் சொன்னாங்க.

அவங்க பிரிக்கறதுக்கு முன்னால நான் ஒண்ணு கேட்டேன். ஒட்டு சரியா இருக்குதான்னு நான் பாக்கோணும்னேன். வக்கீலம்மா என்ற சட்டையைப் புடிச்சு இழுத்தாங்க. ஜட்ஜம்மா பாத்துக்கட்டும்னாங்க. போயிப் பாத்தேன். வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தேன். முத்திரை, தேதி, ஒட்டு, எல்லாம் சரியா இருந்துச்சு. அவ்வளவு சரியா இருந்ததே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க.

முதல் கவருல ஒரு கடுதாசியும் வாடகை ஒப்பந்தமும். கிளார்க்கு சத்தமாப் படிச்சாரு. அந்தப் புள்ளை எழுதியிருந்தது எனக்கு மனப்பாடமே ஆயிப்போச்சு: "அண்ணா, இப்பச் சட்டம் மாறிட்டுது. வாடகைக்கு இருக்கறவங்க எழுத்துல ஒப்பந்தம் போட்டுப் பதிஞ்சுக்கணுமாம். இல்லைன்னா நாளைக்கு யாரு வேணும்னாலும் உங்களைக் காலி பண்ணச் சொல்லலாம். மயில்சாமி இருக்கற வரைக்கும் அவனை எறக்கிவிடக் கூடாதுன்னு அப்பா ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொன்னார். பத்து வருசத்துக்குப் போட்டிருக்கேன், வாடகை அதேதான். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

ரெண்டாவதுல, அவங்கம்மாவை ஓசூருக்கே கூட்டிட்டுப் போயிட்டதாவும், இங்க வந்து கட்டடத்தைப் பாத்துக்க முடியாததால விக்கப் போறதாவும் எழுதியிருந்துச்சு. நீங்களே வாங்கிக்கிறதா இருந்தா உங்களுக்குத்தான் முதல்ல, உங்களால முடியற மாதிரி குடுங்க. முடியாட்டி ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்களை மாத்தக் கூடாதுன்னு கிரயப் பத்திரத்துலயே எழுதிடறேன். முப்பது நாளைக்குள்ள தகவல் இல்லைன்னா உங்களுக்கு விருப்பம் இல்லைன்னு எடுத்துக்குவேன். கடைசியா ஒரு வரி: உத்தரத்தைப் போட்டோ எடுத்துக்கிட்டு வந்து அம்மாகிட்டக் காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்கன்னு.

கிளார்க்கு படிச்சு முடிச்சதும் வசந்தாமணி பின் பெஞ்சுல இருந்து எந்திருச்சு வெளிய போயிட்டா.

நான் என்ன நினைச்சேன் தெரியுங்களா? இத்தனை நல்லதா ஒருத்தரு எழுதுவாங்களா, இதுல எங்கயோ ஒரு வார்த்தை மாத்தி வெச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். இன்னொருக்காப் படிக்கச் சொன்னேன். ஜட்ஜம்மா போதும்னுட்டாங்க.

மனு தள்ளுபடி. மூணு தபாலையும் வேணும்னே வாங்காதவரு, கோர்ட்டு தன்னைக் கேக்கலைன்னு சொல்ல முடியாதுன்னு எழுதினாங்க. அந்தப் பதினொரு மோட்டாரையும் முடிச்சுக் குடுக்கறதுக்காக மூணு மாசம் அவகாசம் குடுத்தாங்க. அது வக்கீலம்மா கேட்டு வாங்கினது. அவங்களை நான் சந்தேகப்பட்டது தப்புத்தானுங்க. கொஞ்சம் தப்பு.

வெளிய தாழ்வாரத்துல அந்தப் புள்ளை நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் ஒதுங்கிப் போகப் பாத்தேன்.

"அண்ணா, நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?" அப்படின்னுச்சு. கோவமாக் கேக்கலீங்க. கோவமாக் கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கணக்கு ஏன் தப்பாச்சுன்னு கேக்கற மாதிரி, நெஜமாத் தெரிஞ்சுக்கறதுக்காகக் கேட்டுச்சு.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அம்மணி"ன்னுட்டு வந்துட்டேன். தாராபுரம் கோர்ட்டுல இருந்து என்ற வீட்டுக்கு நடந்தே போயிரலாமுங்க. பஸ்ஸே கிடையாது.

அப்பறம் நடந்ததெல்லாம் வசந்தாமணி பண்ணினது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. பைபாஸ் ரோட்டுல பெரியவருக்கு ஒரு பழைய புண்ணாக்குக் கிடங்கு இருந்துச்சு, அது இன்னும் தமயந்தி பேருலதான் இருக்குது. அதை இவ பேருக்கு வாடகைக்கு எழுதிக்கிட்டா. இவ பேருக்கு. ஒப்பந்தத்தை வாங்கி நான் நாலு தடவை படிச்சேன். ஒரு தப்பும் இல்லை. பத்து வருசம், இவ பேரு, அந்தப் புள்ளை பேரு, நாலு எல்லை, எல்லாம் சுத்தம். பதியறப்ப நான் உள்ள போகலை. ஜன்னல் வழியாப் பாத்தேன். என்ற சம்சாரம் ஒவ்வொரு பக்கமாத் திருப்பிக் கையெழுத்துப் போடறா, கை நடுங்கலை. முப்பத்தொரு வருசம் கூட இருந்திருக்கறேன், அவ கையெழுத்து அவ்வளவு அழகா இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க.

வைகாசியில மாத்திட்டோம். உத்தரத்தைக் கழட்ட முடியாதுன்னுட்டாங்க, அது கட்டடத்தோட சேத்தி. அது இல்லாம மோட்டார் தூக்கறதுக்கு இப்ப மூணு ஆளு வேணும். வாரவங்களும் பாதிதான். இடம் தெரியாம மருந்துக் கடை வாசலுல மோட்டாரை வெச்சுக்கிட்டு நிக்கறாங்களாம், அங்கிருந்து போன் பண்ணுவாங்க. கடைச் சோலியை வசந்தாமணிதான் பாத்துக்கறா. நான் காயில் கட்டறதோட சரி. அவளுக்கும் அந்தப் புள்ளைக்கும் வாரம் ஒருக்காப் போன் பேச்சு. என்ன பேசறாங்கன்னு கேட்டா, புளிச்சாறு வெக்கறது எப்படின்னு கேட்டுச்சும்பா. ஒரு மணி நேரம் புளிச்சாறா பேசுவாங்க?

பொன்னுரங்கண்ணனா? இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. கண்டாச் சிரிப்பாரு. முந்தி மாதிரி நின்னு பேச நேரமில்லை அவருக்கு. அந்த மருந்துக் கடைக்கு மேல மாடி எடுக்கறாங்க, அந்தச் சோலியெல்லாம் அவரு பொறுப்புலதான் நடக்குதாம். நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு அங்க இருக்கறது நல்லதுதானுங்களே.

என்னமோ சொல்ல வர்றீங்க. சொல்ல வேண்டாமுங்க. நீங்க சொல்ல வர்றதைத்தான் போன வாரம் வசந்தாமணியும் சொன்னா. எங்கயோ போயி அந்தக் கிரயப் பத்திரத்தோட நகலை வாங்கியாந்துட்டா. சோறு போட்டு வெச்சுப்போட்டு, தட்டுக்குப் பக்கத்துல அதை விரிச்சா. கடைசிப் பக்கம். சாட்சிக் கையெழுத்து ரெண்டு. முதல் கையெழுத்து பொன்னுரங்கண்ணனோடது.

பத்திரம் எழுதறவரு சாட்சி போடறது சகஜந்தானேன்னேன். அந்தப் பத்திரத்தை எழுதினதும் அவருதான்னா. தொழிலு, எழுதாம என்ன பண்ணுவாருன்னேன். மருந்துக் கடைக்காரரைத் தமயந்திகிட்டக் கூட்டிட்டுப் போனதே அவருதான், உள்ள இருக்கறவன் தானாக் காலி பண்ணிருவான், அதுக்கு நான் பொறுப்புன்னு கடைக்காரர்கிட்டச் சொல்லி வித்துக் குடுத்தாராம், அந்தப் புள்ளையே சொல்லுச்சுன்னா. அந்தப் புள்ளை சொல்றதை எப்படி நம்பறதுன்னேன்.

அவ சத்தம் போடலைங்க. அந்தக் காயிதத்தை மடிச்சு வெச்சுப்போட்டு, "ஏனுங் மாமா, உலகத்துல ஒருத்தர் பாக்கி இல்லாமச் சந்தேகப்படறீங்க. கைப்புடிச்ச என்னையும் விடலை. அந்த ஒரு ஆளை மட்டும் ஏனுங்க ஒருக்காக்கூடச் சந்தேகப்பட மாட்டீங்கறீங்க?"ன்னு கேட்டா.

நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். அவளும் காத்துக்கிட்டே இருந்துபோட்டு, எந்திருச்சுப் போயிட்டா.

பல்லடம் வந்துருச்சு போல இருக்குது. நீங்க எறங்கோணுமில்ல. பையைப் பாத்து எடுங்க, என்னுதையும் சேத்து இழுத்துராதீங்க. நீங்க யாரோ, நான் யாரோ, இனிமேப் பாக்கப் போறதில்லை. அதனால உங்ககிட்டச் சொல்றேன். அவகிட்டச் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். அந்த மனுசனையும் நான் சந்தேகப்பட்டுட்டா, எங்கப்பனுக்கு அந்தக் கட்டை விரல் மாதிரி, மூணு தபாலையும் வேண்டாம்னது நானேன்னு ஆயிருமுங்களே.